எத்தனையாவது நாள் காய்ச்சல்?

எங்கள் லேபில் ரத்தம் எடுக்கும் நாற்காலிக்கு நேர் எதிரே ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. கிழித்த தாள்களை நான் குப்பையில் போடுவதில்லை. கடைசிப் பத்து நாள் தாள்கள் பக்கத்து ஆணியில் குத்தியிருக்கும். காய்ச்சலோடு வருகிறவர்களிடம் பெயரும் வயதும் எழுதிக்கொண்டதும் நான் கேட்கும் முதல் கேள்வி, "எப்ப அடிச்சுது?" என்பதுதான்.

"ரெண்டு மூணு நாளா இருக்கும்மா."

"ரெண்டா, மூணா?"

இந்த இடத்தில் பெரும்பாலும் தடுமாறுவார்கள். அப்போது ஆணியிலிருந்து தாள்களை எடுத்துக் கையில் கொடுப்பேன். "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன், அன்னைக்கு நல்லாத்தான் இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் மேலெல்லாம் வலிச்சுது..." என்று ஒவ்வொரு தாளாகத் தள்ளிக்கொண்டே வந்து ஓரிடத்தில் விரல் நிற்கும். எண்ணிப் பார்த்து ரத்தக் குழாயில் ஒட்டும் சீட்டில் எழுதுவேன்: காய்ச்சல் நாள் 3. அந்த எண்ணை எழுதாமல் எந்தக் கார்டு டெஸ்டும் போடுவதில்லை என்று 2012க்குப் பிறகு ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறேன்.

தென்காசிப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் எங்கள் ஊர். 24 வருடமாக லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. என்ன மருந்து கொடுப்பது என்று சொல்ல எனக்குப் படிப்பும் இல்லை, உரிமையும் இல்லை. ஆனால் விரல் நீளமுள்ள அந்தப் பிளாஸ்டிக் அட்டை என்ன சொல்கிறது, எதைச் சொல்லவே இல்லை என்பதை ஆயிரக்கணக்கான முறை கண்ணால் பார்த்தவள். அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

கார்டு டெஸ்ட் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கர்ப்பப் பரிசோதனை அட்டை. வேலை செய்யும் விதத்தில் இரண்டும் ஒரே குடும்பம்தான். அட்டைக்கு உள்ளே உறிஞ்சும் தன்மையுள்ள மெல்லிய வெள்ளைப் பட்டை ஒன்று இருக்கிறது. ஒரு முனையில் ரத்தத்தின் தெளிந்த நீரை, அதாவது செரத்தை, ஒரு துளி விட்டு மேலே பஃபர் திரவத்தைச் சொட்டினால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அது பட்டையில் ஊர்ந்து போகும். போகிற வழியில் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் காத்திருக்கின்றன. ஆம், பெரும்பாலான கார்டுகளில் நாம் பார்க்கும் அந்தச் சிவப்பு, சாயத்தின் நிறமல்ல. தங்கத்தை அவ்வளவு நுண்ணியதாக்கினால் அது சிவப்பாகத்தான் தெரியும். நாம் தேடும் பொருள் ரத்தத்தில் இருந்தால், அது தங்கத் துகளையும் இழுத்துக்கொண்டு போய் ஒரு கோட்டில் பிடிபட்டு நிற்கும். கோடிக்கணக்கான துகள்கள் ஒரே இடத்தில் கூடும்போது நம் கண்ணுக்குக் கோடாகத் தெரிகிறது. இன்னொரு கோடு, கட்டுப்பாட்டுக் கோடு, எப்போதும் வர வேண்டும். அது வராவிட்டால் கார்டே கெட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

இதுவரை இரண்டும் ஒன்றுதான். வேறுபாடு, எதைத் தேடுகிறோம் என்பதில் இருக்கிறது. கர்ப்ப அட்டை தேடுவது கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோனையே. டெங்குவில் என்.எஸ்.1 என்றொரு கார்டு உண்டு. அதுவும் அப்படித்தான், வைரஸ் வெளிவிடும் புரதத்தையே நேரடியாகத் தேடுகிறது. ஆனால் ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. என்று இரண்டு கோடுகளுக்கு இடம் விட்டிருக்கும் கார்டு வைரஸைத் தேடுவதே இல்லை. வைரஸைக் கண்ட உடம்பு பதிலுக்குச் செய்த ஆன்டிபாடியை, எதிர்ப்புப் புரதத்தை, அது தேடுகிறது.

எங்கள் அப்பாவுக்கு வடகரைப் பக்கம் கொஞ்சம் வாழை இருந்தது. மலையிலிருந்து யானை இறங்குகிற இடம் அது. யானை வந்தால் தோப்பில் காவலிருப்பவர்கள் வெடி போடுவார்கள். வீட்டில் படுத்திருக்கும் அம்மா, வெடிச் சத்தத்தை வைத்துத்தான் யானை வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வாள். ஆன்டிபாடி கார்டு செய்வது அம்மா செய்ததைத்தான். அது யானையைப் பார்ப்பதில்லை, வெடிச் சத்தத்தைக் கேட்கிறது. யானை சத்தமில்லாமல் தோப்புக்குள் நுழைந்து முதல் பத்து வாழையைச் சாய்க்கும்போது காவலாளி தூங்கிக்கொண்டிருப்பார், வெடி இல்லை. யானை மலையேறிப் போன பிறகும் பயத்தில் விடிய விடிய வெடித்துக்கொண்டிருப்பார்கள். அப்போது யானை இல்லை. பக்கத்து ஊர் அம்மன் கோயில் கொடைக்குப் போட்ட வேட்டைக் கேட்டுவிட்டு, யானைதான் என்று அம்மா எழுந்து உட்கார்ந்த இரவுகளும் உண்டு. ஆன்டிபாடி கார்டு எங்கெல்லாம் தவறும் என்பதற்கு இந்த மூன்றும் போதும்.

2012ல் எங்கள் பக்கம் டெங்கு அடித்த அடி இந்த ஊர்க்காரர்களுக்கு மறக்காது. அப்போது நாங்கள் திருநெல்வேலி மாவட்டம். கடையநல்லூரைச் சுற்றி வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு, 66 பேர் இறந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. லேபில் காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே படிக்கட்டில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். என்.எஸ்.1 கார்டு கிடைக்கவில்லை. கொண்டுவந்து தருகிறவர், "இதான் இருக்கு, இதையும் வாங்கலேன்னா நாளைக்கு இதுவும் கிடைக்காது" என்று ஆன்டிபாடி கார்டை மட்டும் இறக்கிவிட்டுப் போனார்.

அந்த வாரத்தில்தான் என் தங்கை தன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏழு வயது. முந்தின நாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள்; உடம்பு அனலாகக் கொதித்தது. ரத்தம் எடுத்தேன். பதினைந்து நிமிடம். கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் பளிச்சென்று வந்தது. மற்ற இரண்டு இடமும் வெறும் வெள்ளை.

"யக்கா, டெங்கு இல்லன்னு வந்துட்டுல்லா?"

"இல்ல. பயப்படாத."

இந்த இரண்டு சொல்லை நான் 12 வருடத்துக்கு மேலாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கார்டு சொன்னது, "இந்த ரத்தத்தில் இப்போது என்னால் பார்க்க முடிந்த அளவுக்கு ஆன்டிபாடி இல்லை" என்பது மட்டுமே. டெங்கு இல்லை என்று சொன்னது நான்.

காய்ச்சலின் இரண்டாம் நாளில் அந்தக் கார்டு பெரும்பாலும் எதையும் காட்டாது என்பது பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளிலேயே இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு டெங்கு வழிகாட்டி நூல் இதற்கு எண்ணே கொடுத்திருக்கிறது. காய்ச்சல் தொடங்கி மூன்று முதல் ஐந்து நாளுக்குள் பாதிப் பேரிடம்தான் ஐ.ஜி.எம். கண்டுபிடிக்கும் அளவுக்கு வருகிறது. ஐந்தாம் நாளில் 80 சதவீதம் பேரிடம். பத்தாம் நாளில் 99 சதவீதம் பேரிடம். அதே கார்டு, அதே பெட்டி, அதே டெக்னீஷியன். மாறுவது நாள் மட்டும்.

மூன்று நாள் கழித்து, ஐந்தாம் நாள் விடியற்காலையில் பையனுக்குக் காய்ச்சல் விட்டது. வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். இட்லி அவித்துக் கொடுத்தார்கள். இரண்டு வாய் தின்றுவிட்டு வாந்தி எடுத்தான். வயிறு வலிக்கிறது என்றான். கொஞ்ச நேரத்தில் சுருண்டு படுத்துக்கொண்டான். "டெங்குதான் இல்லையே, வெறும் வயித்துக் கோளாறா இருக்கும்" என்று கஷாயம் வைத்துக்கொண்டிருந்தாள் என் தங்கை. நான் மத்தியானம் எட்டிப் பார்த்தபோது அவன் உள்ளங்கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் கண்டம். ரத்தக் குழாய்களின் சுவரிலிருந்து நீர்ச்சத்து வெளியே கசியத் தொடங்கும். உள்ளே ரத்தம் கெட்டியாகும், ரத்த அழுத்தம் இறங்கும். அந்த 24 முதல் 48 மணி நேரத்தில் அளவறிந்து சலைன் ஏற்றினால் பிள்ளை பிழைத்துவிடும். ஏற்றாவிட்டால் போய்விடும். தட்டணு குறைவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பயம் தருவது பி.சி.வி. என்று நாங்கள் எழுதுகிற எண் ஏறுவது. ரத்தம் கெட்டியாகிறது என்பதன் அடையாளம் அது.

திருநெல்வேலிக்கு வண்டி பிடித்துப் போனோம். தட்டணு 18,000. அங்கே மறுபடி கார்டு போட்டார்கள். ஐ.ஜி.எம். மங்கலாக, ஐ.ஜி.ஜி. தடித்த கோடாக. "இது இவனுக்கு ரெண்டாவது தடவை டெங்கு" என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. முதல் தடவை எப்போது வந்தது, யாருக்கும் தெரியவில்லை. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துக் கடந்திருப்போம். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்து போனபின் வேறொரு வகை வந்தால் நோய் கடுமையாக வாய்ப்பு அதிகம். அதோடு, இரண்டாவது முறை வரும்போது உடம்பு பழைய ஞாபகத்தில் ஐ.ஜி.ஜி.யைத்தான் வேகமாக அள்ளிவிடும், ஐ.ஜி.எம். குறைவாக வரும், சிலரிடம் வராமலே போகும். என்.எஸ்.1கூட இவர்களிடம் தவறுவது அதிகம். நோய் அதிகம் கடுமையாகிறவர்களிடம்தான் கார்டு அதிகம் தடுமாறுகிறது என்பதை அன்றைக்கு அந்த வார்டில் நின்றுகொண்டு புரிந்துகொண்டேன்.

பையன் பிழைத்தான். இப்போது காலேஜ் படிக்கிறான். காலண்டர் தாள்களைக் குத்தி வைக்கும் ஆணியை அடித்தது அந்த மாதத்தில்தான்.

இதற்கு நேர் எதிரான சங்கடம் ஒன்றும் அடிக்கடி வரும். சென்ற வருடம் ஒரு பெரியவர், அறுபது வயது, வேறெங்கோ எடுத்த ரிப்போர்ட்டோடு வந்து உட்கார்ந்தார். ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ், மற்றதெல்லாம் நெகட்டிவ். "எனக்கு டெங்குன்னு சொல்லிட்டாங்க தாயி. தட்டணு ஏத்தணுமாம்." தட்டணு இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தது. அவருக்குக் காய்ச்சலே இல்லை, சளிதான்.

2017–18ல் மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க ஐந்து முதல் நாற்பத்தைந்து வயது வரை உள்ளவர்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தது. தென்னிந்தியாவில் 76.9 சதவீதம் பேரிடம் டெங்குவுக்கான ஐ.ஜி.ஜி. இருந்தது. நான்கில் மூன்று பேருக்கு ஏதோ ஒரு காலத்தில் டெங்கு வந்து போயிருக்கிறது, அவர்களில் பலருக்குத் தெரியாமலே. அப்படிப்பட்ட ஊரில் ஒருவரின் ஐ.ஜி.ஜி. கோடு தனியாக நின்றால், அது பெரும்பாலும் பழைய கதை. சில கம்பெனிகள் பழைய ஐ.ஜி.ஜி.க்குக் கோடு விழாதபடி, இரண்டாம் தொற்றில் வரும் பெருவெள்ளத்துக்கு மட்டும் விழும்படி கார்டை அமைத்திருக்கும். சில அப்படி அமைப்பதில்லை. எந்தக் கார்டு எப்படி என்பது உள்ளே மடித்த தாளில் பொடி எழுத்தில் இருக்கும். அதை நான் பிரித்துப் படிப்பேன். ஒவ்வொரு புதுப் பெட்டிக்கும் படிப்பேன்.

ஐ.ஜி.எம். கோடும் இரண்டு மூன்று மாதம் தங்கிவிடும். ஐப்பசியில் டெங்கு வந்து போனவருக்கு மார்கழியில் எலிக்காய்ச்சல் வந்தால், கார்டு டெங்கு என்று கோடு காட்டும். எலிக்காய்ச்சலுக்கு உரிய மருந்து தள்ளிப்போகும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஜிகா போன்றவை டெங்குவின் உறவுக்கார வைரஸ்கள். அவற்றுக்காக உடம்பு செய்த ஆன்டிபாடியும் சில நேரம் டெங்குக் கார்டில் ஒட்டிக்கொள்ளும். கொடை வேட்டு என்று சொன்னேனே, அது இதுதான். இதனால்தான் நம் நாட்டு டெங்குத் திட்டத்தில் கார்டு பாசிட்டிவ் என்றால் 'டெங்குவாக இருக்கலாம்' என்ற கணக்கில்தான் சேரும். உறுதி செய்ய எலைசா என்ற பெரிய சோதனை வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளின் ஐ.ஜி.எம். எலைசாவுக்கு வேண்டிய கிட்டுகள் புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்திலிருந்து வருகின்றன. 96 குழி கொண்ட தட்டில் செய்வது. சில மணி நேரம் ஆகும். ஒருவருக்காக மட்டும் தட்டை எடுக்க முடியாது. அதனால்தான் எங்களைப் போன்ற சின்ன லேபுகள் கார்டைக் கைவிட முடியவில்லை. நான் கைவிடச் சொல்லவும் இல்லை. நடு இரவில் ஒரு தாய் வந்து நிற்கும்போது என் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

பிறகு 2020 வந்தது. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார்கள் என்று சொல்லலாம். மார்ச்சில் விமானம் நிற்பதற்கு முன் வந்து சேர்ந்தவர்களின் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டார் அந்த வீட்டுக்குப் பால்கூட வாங்கிக்கொடுக்கப் பயந்தார்கள். ஏப்ரல் நடுவில் டி.வி.யில் "ரேப்பிட் கிட்" என்ற சொல் வந்தது. அரை மணி நேரத்தில் கொரோனா தெரிந்துவிடுமாம். எனக்கு போன் மேல் போன். "அக்கா, நீங்க தான் கார்டு போடுவீங்கல்லா? எங்க வீட்டுக்காரருக்குப் போட்டு ஒரு சீட்டு குடுங்க, நோட்டீச எடுத்திருவாங்க." அந்தப் பெண் அழுதாள். எங்களிடம் அந்தக் கார்டு இல்லை, அனுமதியும் இல்லை. இருந்திருந்தாலும் அந்தச் சீட்டை நான் எழுதியிருக்க முடியாது என்பதை அவளுக்குப் புரியவைக்க எனக்கு அன்று வார்த்தை போதவில்லை.

அந்தக் கிட்டும் வைரஸைத் தேடுவதல்ல, ஆன்டிபாடியைத் தேடுவதுதான். மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் ஆர்.டி.பி.சி.ஆர். வைரஸின் மரபுப் பொருளைத் தேடுகிறது. இது விரல் ரத்தத்தில் உடம்பின் பதிலைத் தேடுகிறது. ஏப்ரல் 8ஆம் தேதியே உலக சுகாதார நிறுவனம், நோயாளிக்குச் சிகிச்சை முடிவெடுக்க இந்த ஆன்டிபாடி கார்டுகளைப் பயன்படுத்தப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லியிருந்தது. ஆனால் ஊரடங்கில் நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. குச்சிச் சோதனைக்கு லேப் போதவில்லை. சீனாவிலிருந்து லட்சக்கணக்கில் கிட் வந்து மாநிலங்களுக்குப் பிரிந்தது, தமிழ்நாட்டுக்கும் வந்தது. ராஜஸ்தானில், தொற்று ஏற்கெனவே உறுதியானவர்களிடம் போட்டுப் பார்த்தார்கள். துல்லியம் 5.4 சதவீதம்தான் என்று அந்த மாநில அரசு அறிவித்தது. ஏப்ரல் 21ல் இரண்டு நாள் நிறுத்திவையுங்கள் என்றது ஐ.சி.எம்.ஆர்.; 27ஆம் தேதி, திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றது. ஒரு கிட் 245 ரூபாய்க்கு இறக்குமதியாகி 600 ரூபாய்க்கு விற்கப்பட்டது டெல்லி உயர் நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. 400 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்றது நீதிமன்றம்.

பேச்செல்லாம் விலையைப் பற்றியும் சீனாவைப் பற்றியும் போயிற்று. எனக்கு ஆதங்கம் வேறு. நூற்றுக்கு ஐந்து என்பது கெட்ட கிட்தான், சந்தேகமில்லை. ஆனால் நல்ல கிட்டாக இருந்திருந்தால் மட்டும் அந்தப் பெண்ணின் கணவருக்கு அது பதில் சொல்லியிருக்குமா? அந்த ஜூன் மாதம் காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு, அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து ஒரு கணக்கு வெளியிட்டது. அறிகுறி தொடங்கிய முதல் வாரத்தில் ஆன்டிபாடி சோதனைகள் உண்மை நோயாளிகளில் 30.1 சதவீதம் பேரைத்தான் பிடித்தன. இரண்டாம் வாரத்தில் 72.2. மூன்றாம் வாரத்தில் 91.4. முதல் வாரத்தில்தான் ஒருவர் அதிகம் பரப்புகிறார். அந்த வாரத்தில் பத்துப் பேரில் ஏழு பேரைக் கார்டு "நெகட்டிவ்" என்று வீட்டுக்கு அனுப்பும். எந்த நாட்டில் செய்தாலும், என்ன விலைக்கு வாங்கினாலும் உடம்பு தன் வேகத்தில்தான் ஆன்டிபாடி செய்யும்.

அதே ஆன்டிபாடியை வேறு கேள்விக்குப் பயன்படுத்தியபோது எவ்வளவு நன்றாகப் பதில் சொன்னது என்பதையும் சொல்ல வேண்டும். 'இவருக்கு இன்று கொரோனாவா?' என்பதற்குப் பதிலாக 'நாட்டில் இதுவரை எத்தனை பேரைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது?' என்று ஐ.சி.எம்.ஆர். கேட்டது. ஆயிரக்கணக்கானவர்களிடம் ரத்தம் எடுத்து லேபில் சோதித்தார்கள். 2020 மே, ஜூனில் பெரியவர்களில் 0.73 சதவீதம். 2021 ஜூன், ஜூலையில், ஆறு வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் சேர்த்து 67.6 சதவீதம்; அதில் தடுப்பூசியால் வந்த ஆன்டிபாடியும் அடக்கம். குச்சிச் சோதனையின் தினசரி எண்ணிக்கையில் ஒருபோதும் தெரிந்திராத உண்மை அது.

"90 சதவீதம் துல்லியம்" என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து, "அப்ப பாசிட்டிவ் வந்தா 90 சதவீதம் எனக்கு இருக்குன்னுதானே அர்த்தம்?" என்று கேட்பார்கள். படித்தவர்கள்தான் அதிகம் கேட்பார்கள். அப்படி அர்த்தமில்லை. இதை ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஒரு கார்டு, நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 90 பேரைப் பிடிக்கிறது. நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு 95 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல கார்டுதான். ஊரில் நோயே பரவாத காலத்தில், வேலைக்குச் சேர வேண்டும் என்று நல்லாயிருக்கிற ஆயிரம் பேர் வந்து போட்டுப் பார்க்கிறார்கள். அவர்களில் உண்மையில் 10 பேருக்குத்தான் நோய். கார்டு 9 பேரைப் பிடிக்கும். மீதி 990 பேரில் நூற்றுக்கு ஐந்து வீதம் ஏறக்குறைய 50 பேருக்குத் தவறாகக் கோடு விழும். ஆக 59 பாசிட்டிவ். அதில் 9 பேருக்குத்தான் உண்மை. இதே கார்டைக் காய்ச்சல் வார்டில் படுத்திருக்கும், பாதிப் பேருக்கு நோய் இருக்கும் ஆயிரம் பேரிடம் போட்டால் 475 பாசிட்டிவ். அதில் 450 உண்மை. கார்டு மாறவில்லை. யாரிடம் போட்டோம் என்பது மாறியது. வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்க்காமல் கோட்டை மட்டும் பார்த்துச் சொல்லும் பதிலில் என்ன இருக்கிறது?

ஆன்டிபாடி கார்டை மிக நேர்மையாகப் பயன்படுத்துவது எச்.ஐ.வி. சோதனையில்தான் என்பது என் எண்ணம். அதன் வரலாறே அப்படித் தொடங்கியது. 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழில் செய்த பெண்களிடம் எடுத்த ரத்த மாதிரிகளை ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோனார். சென்னையில் அப்போது அந்த எலைசா சோதனை வசதி இல்லை. ஆறு மாதிரிகள் பாசிட்டிவாக நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்கு முதல் சான்று அது. ஆனால் அதோடு அறிவித்துவிடவில்லை. திரும்ப ரத்தம் எடுத்து, வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறு முறையில் அமெரிக்காவில் சோதித்து உறுதியான பிறகே சொன்னார்கள். இன்றும் அரசு எச்.ஐ.வி. மையத்தில் அறிகுறியில்லாத ஒருவருக்கு முதல் கார்டில் கோடு விழுந்தால், வேறு வகையில் செய்த இரண்டாவது கார்டு, பிறகு மூன்றாவது கார்டு. மூன்றும் ஒத்துப்போனால்தான் பாசிட்டிவ் என்ற சொல் வாயிலிருந்து வரும். நெகட்டிவ் வந்தாலும், அண்மையில் ஆபத்துக்கு ஆளாகியிருந்தால் திரும்ப வரச் சொல்வார்கள். முன்னும் பின்னும் கவுன்சிலர் உட்கார்ந்து பேசுவார். அதுவும் கார்டுதான், அதே பிளாஸ்டிக்தான். அதைச் சுற்றி எழுப்பியிருக்கும் ஒழுங்கு டெங்குக் கார்டுக்கு ஏன் இல்லை என்று எனக்கு வருத்தம் உண்டு.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. பெரும்பாலான கார்டுகளை 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் பஸ் மேல் பார்சலாக வரும் பெட்டியை நான் வாங்குவதில்லை. பதினைந்து, இருபது நிமிடத்தில் பார்க்கச் சொல்லியிருந்தால் அப்போது பார்க்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பட்டை காய்ந்து இல்லாத கோடு தெரியும். புதிதாக வந்த பையன் ஒருவன் ஒரு பெட்டியின் பஃபரைத் தீர்த்துவிட்டு வேறு பெட்டியின் பஃபரை ஊற்றினான். அந்த எட்டுப் பேரையும் போன் போட்டு வரச்சொல்லி மறுபடி ரத்தம் எடுத்தோம். மங்கலான கோடு என்றால் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எழுதுவோம்.

ரிப்போர்ட்டில் நான் இப்போது 'டெங்கு நெகட்டிவ்' என்று மொட்டையாக எழுதுவதில்லை. 'காய்ச்சல் நாள் 2. ஐ.ஜி.எம். ஆன்டிபாடி கண்டறியப்படவில்லை. இந்த நாளில் இது டெங்கு இல்லை என்று ஆகாது' என்று தமிழில் அடித்துக் கொடுக்கிறேன். லேப் முதலாளிக்கு முதலில் பிடிக்கவில்லை. "காசு குடுத்துட்டு ஆளுக ஒரு பதில் கேக்காங்க, நீ கேள்விய எழுதிக் குடுக்க" என்றார். என் தங்கை மகன் கதை அவருக்குத் தெரியும். அதைச் சொன்னபோது பேசாமல் போய்விட்டார். மறுநாள் அந்த வரிகளோடு ரிப்போர்ட் பேப்பர் அச்சடிக்கக் கொடுத்திருந்தார்.

சென்ற கார்த்திகையில், நாற்று நடும் வேலைக்குப் போகும் ஒரு அம்மா நான்கு வயதுப் பெண் பிள்ளையைக் கொண்டுவந்தாள். காய்ச்சல் நாள் 2. என்.எஸ்.1, ஐ.ஜி.எம். இரண்டும் நெகட்டிவ். ரிப்போர்ட்டை வாசித்துக் காட்டினேன்.

"அப்ப இருக்கா இல்லையா தாயி?"

"இன்னைக்குத் தெரியல. டாக்டரப் பாத்துட்டுப் போங்க. காய்ச்சல் விட்டாலும் விட்டுட்டுன்னு இருந்திராதீங்க. வயித்து வலி, வாந்தி, பிள்ளை துவண்டு கிடந்தா, ஒண்ணுக்குப் போகலேன்னா அந்த நிமிசமே வந்திருங்க." ஆணியிலிருந்து ஐந்து தாளை எடுத்து அவள் முந்தானையில் முடிந்துவிட்டேன். நாளுக்கு ஒன்றாகக் கிழித்துப் போடச் சொன்னேன்.

நான்கு நாள் கழித்து, காலையில் அவள் வந்தபோது லேபில் கூட்டம். வரிசையில் நிற்காமல் நேராக உள்ளே வந்தாள். முந்தானையில் ஒரே ஒரு தாள் பாக்கியிருந்தது.

"ஆறாம் நாளு. நேத்து ராத்திரி காய்ச்சல் விட்டுட்டு. காலையில இருந்து ஒண்ணுக்குப் போகல."

பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சி. கார்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. லேப் பையனை 108க்குப் போன் போடச் சொல்லிவிட்டு, போகிற இடத்தில் டாக்டர் கையில் கொடுக்க பி.சி.வி.க்கும் தட்டணுவுக்கும் மட்டும் ரத்தம் எடுத்தேன். வண்டி வருவதற்குள் எண் வந்துவிட்டது. பி.சி.வி. 48. சீட்டில் அதை எழுதி, அதற்கு மேலே பெரிதாக 'காய்ச்சல் நாள் 6' என்று எழுதி அவள் கையில் கொடுத்தேன்.